உஷார்! அழுத்தினால் அறுக்கும்

ஆன்லைனில் ஆர்டர் போட்ட பளபள ரேசர் கூரியரில் வந்துவிட்டதா? கூடவே ஏழெட்டு கம்பெனி பிளேடுகளைக் கலந்து கட்டிய பாக்கெட்டும் வந்திருக்கிறதா? கொஞ்சம் நில்லுங்கள். ஷேவ் செய்ததும் சட்டென்று சிவந்துபோகும் சருமமா உங்களுடையது? மறுநாள் கழுத்தில் பொரிப்பொரியாகக் கிளம்புமா? அப்படியானால் முதல் பிளேடை மாட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

மூன்று பிளேடு, ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ்களால் அவதிப்பட்டவர்கள் பலர், இருபக்கமும் வெட்டும் ஒற்றை பிளேடு ரேசருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா, தாத்தா பயன்படுத்திய அதே டபுள் எட்ஜ் ரேசர்தான். திரும்புவதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. கார்ட்ரிட்ஜில் முன்னால் போகும் பிளேடு முடியைப் பற்றிச் சற்றே வெளியே இழுக்கிறது. அது உள்ளே போவதற்குள் பின்னால் வரும் பிளேடு இன்னும் கீழே நறுக்கிவிடுகிறது. மிச்ச முடி தோல் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். சுருட்டை முடிக்காரர்களுக்கு அந்த முனை வெளியே வர முடியாமல் தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து, சிவந்த கட்டியாக வீங்கும். ஒற்றை பிளேடு பெரும்பாலும் தோல் மட்டத்தோடு நின்றுகொள்ளும். காசும் மிச்சம். நம்மூர் பிளேடு ஒன்று சில ரூபாய்தான். நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்றே நூறு ரூபாயைத் தாண்டுகிறது.

அப்புறம் எதற்கு உஷார்? ரேசர் மாறுகிறது, கை மாறுவதில்லை. அதற்காகத்தான்.

கார்ட்ரிட்ஜின் தலை ஆடும், மடங்கும். முன்னால் ரப்பர் பட்டை இருக்கும், மேலே வழுக்குப் பட்டை இருக்கும். நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் அந்த அழுத்தத்தில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும். வருடக்கணக்கில் அப்படி அழுத்தியே பழகிய கை, டபுள் எட்ஜ் ரேசரையும் அதே பலத்தோடு கன்னத்தில் வைக்கிறது. இதன் தலை ஆடாது, மடங்காது. நீங்கள் கொடுக்கும் அழுத்தம் அப்படியே பிளேடின் விளிம்புக்குப் போகும். விளைவு, ரத்தம், எரிச்சல், தடிப்பு. கீழே வரும் எச்சரிக்கைகள் பலவும் சுற்றிச் சுற்றி இரண்டு விஷயங்களில்தான் வந்து நிற்கும்: அழுத்தாதீர்கள், 'இன்னும் கொஞ்சம் மழமழவென்று' என ஆசைப்படாதீர்கள்.

வாங்கும்போதே உஷார்

கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர் இந்த ரேசருக்குக் காப்புரிமை பெற்றது 1904-ல். மெல்லிய பிளேடை இரண்டு தகடுகளுக்கு நடுவே இறுக்கி, விளிம்பு மட்டும் துளி வெளியே தெரியும்படி வைப்பதுதான் ஏற்பாடு. நூற்றிருபது வருடம் ஆகியும் அடிப்படை மாறவில்லை. ஆகவே கைப்பிடியின் அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள். பார்க்க வேண்டியது தலையை. பிளேடின் விளிம்பு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பிளேடுக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் கூடக் கூட, ரேசர் முடியை மட்டுமல்ல, தோலையும் தேடிப் போகும்.

விற்பவர்கள் இதை மைல்டு, அக்ரெசிவ் என்று பிரிப்பார்கள். சென்சிட்டிவ் சருமக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டியது மைல்டு. அடித்தட்டின் விளிம்பு நேர்ப்பட்டையாக இருக்கட்டும். சீப்புப் பல் மாதிரி வெட்டுவெட்டாக இருக்கும் ஓபன் கோம்ப் ரகம், நாலைந்து நாள் தாடியை வழிப்பவர்களுக்கு ஏற்றது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வேண்டாம். இடைவெளியைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டபிள் ரேசர் வாங்கினால், மிகச் சிறிய எண்ணில் வைத்துவிட்டு அந்தத் திருகை மறந்துவிடுங்கள்.

படுமலிவு ரேசர்களில் இன்னொரு வில்லங்கம் உண்டு. துத்தநாகக் கலவை உலோகத்தின் மேல் முலாம் பூசியிருப்பார்கள். மறை கோணலாக இருந்தால் பிளேடு ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். முலாம் உரிந்தால் உள்ளே அரித்துச் சொரசொரப்பாகும். முலாம் உரிந்த ரேசரை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

'மழுங்கின பிளேடுதான் மென்மை' – நம்பாதீர்கள்!

மென்மையான தோலுக்குக் கூர்மை குறைந்த பிளேடு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. மழுங்கிய பிளேடு முடியை வெட்டாமல் இழுக்கும். இழுத்தால் வலிக்கும். வலித்தும் முடி போகவில்லையே என்று நீங்கள் அழுத்துவீர்கள். ஒரே இடத்தில் நாலு தடவை இழுப்பீர்கள். தோல் உரிவது அங்கேதான்.

அதற்காக முதல் நாளே, கூர்மைக்குப் பேர்போன ஜப்பானின் ஃபெதர் பிளேடை அக்ரெசிவ் ரேசரில் மாட்டி விஷப்பரீட்சை செய்யாதீர்கள். மைல்டு ரேசர், நடுத்தரக் கூர்மையுள்ள ஸ்டெயின்லெஸ் பிளேடு என்று ஆரம்பியுங்கள். பக்கத்துக் கடையில் கிடைக்கும் 7 ஓ'கிளாக், டோபாஸ், வில்கின்சன் ஸ்வோர்ட் எதுவானாலும் சரி. 'உலகத்திலேயே இதுதான் சிறந்த பிளேடு' என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஒருவருக்கு வெண்ணெயாக வழுக்கும் பிளேடு இன்னொருவர் கழுத்தைக் கிழிக்கும்.

கலவை பாக்கெட் வாங்கியவர்கள் செய்யும் பெரிய தவறு, தினம் ஒரு பிளேடாக மாற்றிப் பார்ப்பது. ரேசர் புதுசு, பிளேடு புதுசு, க்ரீம் புதுசு, லோஷன் புதுசு. ஐந்தாம் நாள் முகம் எரிந்தால் எதைக் குற்றம் சொல்வீர்கள்? முதல் இரண்டு வாரம் ஒரே ரக பிளேடு, ஒரே க்ரீம். மாற்றுவதானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஒரு பிளேடு எத்தனை ஷேவ் தாங்கும்? பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து. அடர்த்தியான தாடியானால் இன்னும் குறைவு. முடியை விடப் பல மடங்கு உறுதியான எஃகு எப்படி மழுங்குகிறது என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் 'சயன்ஸ்' இதழில் விளக்கினார்கள். முடி வளைந்து விளிம்பில் கோணலாக மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் நுண்ணிய சில்லுகள் பெயர்ந்துவிடுகின்றனவாம். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொக்கை விளிம்பைத்தான் 'இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்' என்று கன்னத்தில் வைக்கிறோம். நாள் கணக்கெல்லாம் இரண்டாம் பட்சம். பிளேடு இழுக்கிற மாதிரி தோன்றினால் அந்த ஷேவை முடிப்பதற்குள்ளேயே மாற்றுங்கள்.

பிளேடைத் துண்டால் துடைக்கவே கூடாது. விளிம்பின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விடும், விரலும் போகலாம். தண்ணீரில் அலசி, உதறி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

மாட்டும்போது உஷார்

டபுள் எட்ஜ் ரேசரில் விரலைக் கிழித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஷேவ் செய்யும்போது கிழித்துக்கொள்வதில்லை, பிளேடு மாற்றும்போதுதான். கை உலர்ந்திருக்க வேண்டும். பிளேடின் குட்டையான இரண்டு ஓரங்களை மட்டும் பிடியுங்கள். அங்கே கூர்மை கிடையாது. கைப்பிடியைத் திருகி இறுக்கியதும் தலையை வெளிச்சத்தில் நேராகப் பிடித்துப் பாருங்கள். இருபுறமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிகிறதா? ஒரு பக்கம் அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். இந்தப் பத்து வினாடிச் சோதனையைத் தவறவிட்டால், ஒரு பக்கம் பூப்போல வழிக்கும், மறுபக்கம் வெட்டும். பழியை பிளேடு கம்பெனி மேல் போடுவோம்.

போர் தண்ணீர், குளியல் சோப்பு: மறைமுக எதிரிகள்

உலர்ந்த தாடி முடி முரடு. தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால்தான் வெட்டுவதற்கு எளிதாக மென்மையாகும். அதனால் குளித்த பிறகு ஷேவ் செய்யுங்கள், அல்லது வெதுவெதுப்பான நீரில் நனைத்த துண்டை முகத்தில் வைத்து எடுங்கள். கொதிக்கும் சூடு வேண்டாம். தோல் அப்போதே சிவந்துவிடும்.

சென்னைப் புறநகரிலும் இன்னும் பல ஊர்களிலும் குழாயில் வருவது உப்பு போர் தண்ணீர். அதில் நுரை நிற்காது, திரிந்துபோகும். நுரை சரியில்லாத ஷேவ், வெறும் தோலில் பிளேடு ஓட்டுவதற்குச் சமம். ஒரு டம்ளர் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்து வைத்துக்கொண்டு அதில் பிரஷை நனைத்து நுரை எழுப்பிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

குளியல் சோப்பைக் கன்னத்தில் தேய்த்து ஷேவ் செய்யும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்போ லேசான அமிலத்தன்மை உள்ளது. சோப்பால் காய்ந்து இழுக்கும் தோல் மேல் பிளேடு வழுக்காது. க்ரீம் வாங்கும்போது 'கூல்', 'ஐஸ்' என்று போட்டிருந்தால் மெந்தால் இருக்கிறதா, வாசனை தூக்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். எரிச்சல் கிளப்புவதில் பல முறை குற்றவாளி பிளேடு அல்ல, இந்த இரண்டும்தான். கிளிசரின் உள்ள, வாசனை சேர்க்காத க்ரீம் போதும்.

பிரஷிலும் கவனம் வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகக் கிருமி நீக்காத குதிரை முடியில் செய்த ஷேவிங் பிரஷ்களால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆந்த்ராக்ஸ் நோய் பரவியது. இன்று அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் ஈரத்தோடு டப்பாவுக்குள் மூடி வைத்த பிரஷில் பூஞ்சை வளரும். அலசி, உதறி, காற்றாட வையுங்கள். செயற்கை இழை பிரஷ் சீக்கிரம் உலரும். முரட்டு முடி பிரஷைப் போலக் கன்னத்தைக் குத்தவும் செய்யாது.

இப்போது ரேசர் கையில். படு உஷார்!

கோணம்: ரேசரின் மேல் தொப்பியைக் கன்னத்தில் வையுங்கள். கைப்பிடி முகத்துக்குச் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். பிளேடு முடியைத் தொட்டு, கரகரவென்று சத்தம் வர ஆரம்பிக்கும் இடம்தான் உங்கள் கோணம். பிளேடுக்கும் தோலுக்கும் சுமார் 30 டிகிரி. அதற்கு மேல் இறக்கினால் பிளேடு தோலைச் சுரண்டும்.

அழுத்தம்: கொடுக்கவே வேண்டாம். ரேசரின் எடையே போதும். கைப்பிடியை முஷ்டியாகப் பிடிக்காமல் அடிப்பக்கத்தில் விரல் நுனிகளால் பிடித்தால், அழுத்த நினைத்தாலும் முடியாது.

இழுப்பு: இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். பிளேடைப் பக்கவாட்டில் நகர்த்தவே கூடாது. அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்குகிற அசைவு அது. நீளமாக, சுத்தமாக வெட்டும்.

திசை: பலர் கோட்டை விடும் இடம் இதுதான். தாடி முடி எல்லா இடத்திலும் மேலிருந்து கீழாக வளர்வதில்லை. கழுத்தில் பலருக்குப் பக்கவாட்டிலும், கீழிருந்து மேலாகவும் வளரும். இரண்டு நாள் தாடியோடு விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கும் திசை முடி வளரும் திசை; குத்தும் திசை அதற்கு எதிர். முதல் முறை வளரும் திசையிலேயே வழியுங்கள். தேவையென்றால் மறுபடி நுரை போட்டு, குறுக்காக ஒரு முறை. அதோடு நிறுத்துங்கள். எதிர்த் திசையில் மழமழவென்று வழிக்கும் வேலை சென்சிட்டிவ் சருமக்காரர்களுக்கு வேண்டாம். தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு எதிர்த் திசையில் வழித்தால், கார்ட்ரிட்ஜ் செய்த அதே அநியாயத்தை ஒற்றை பிளேடால் நீங்களே செய்கிறீர்கள்.

நுரை போன இடத்தில், 'ஒரு முடி மட்டும் விட்டுப்போச்சு' என்று வெறும் தோலில் ஒரு இழுப்பு இழுப்போமே, அதுவும் கூடாது. விட்டுப்போன முடி நாளைக்கும் அங்கேதான் இருக்கும். குரல்வளை மேட்டில் பிளேடு வைக்கும் முன் எச்சிலை விழுங்கிப் பிடியுங்கள், அல்லது தோலைச் சற்றுப் பக்கமாக நகர்த்திச் சமதளமாக்குங்கள். தாடை எலும்பு திரும்பும் இடத்திலும் மூக்குக்குக் கீழேயும் இழுப்பு இன்னும் குட்டையாக இருக்கட்டும்.

சபரிமலைக்கு மாலை போட்டு, விரதம் முடித்துத் தாடியை எடுப்பவர்கள் கவனிக்க: அத்தனை நாள் தாடியை நேராக ரேசரால் வழிக்காதீர்கள். முதலில் டிரிம்மரால் ஒட்ட வெட்டிவிட்டு அப்புறம் பிளேடு.

எரிந்தால்தான் நல்லது என்று யார் சொன்னது?

ஷேவ் முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சிறு கீறலுக்குப் படிகாரக் கல் ரத்தத்தை நிறுத்தும். ஈர முகத்தில் லேசாகத் தடவி, அரை நிமிடத்தில் கழுவிவிடுங்கள். படிகாரம் தடவும்போது முகம் முழுக்கச் சுரீர் என்றால், நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆல்கஹால் கலந்த, நெடியடிக்கும் ஆஃப்டர்ஷேவ் காய்ந்த தோலை இன்னும் காய வைக்கும். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் போதும்.

இனிதான் இருப்பதிலேயே பெரிய உஷார். ஷேவிங் தடிப்புக்கு, மெடிக்கல் ஷாப்பில் 'அரிப்புக்கு ஏதாவது க்ரீம் கொடுங்க' என்று கேட்டு வாங்கி முகத்தில் பூசாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். இரண்டு நாளில் சிவப்பு மாயமாக மறையும்; நிறுத்தினால் இரட்டிப்பாகத் திரும்பும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிய ஆரம்பிக்கும். தடிப்பு உண்மையில் படர்தாமரையாக இருந்தால், ஸ்டீராய்டு அதை உரம் போட்டு வளர்க்கும். மருத்துவர் சீட்டில்லாமல் இத்தகைய க்ரீம்கள் பலவற்றை விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே விதியை இறுக்கியது. விதி இருக்கிறது என்பதற்காகக் கடையில் கிடைக்காது என்று நினைத்துவிடாதீர்கள்.

இவர்கள் ரேசரைத் தொடும் முன் யோசிக்க வேண்டும்

சீழ் வைத்த பரு, உதட்டோரக் கொப்புளம், மரு, படர்தாமரை இருக்கும் இடத்தில் பிளேடு ஓட்டாதீர்கள். ஓரிடத்துக் கிருமியை முகம் முழுக்க இழுத்துக்கொண்டு போகும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையோ ட்ரெட்டினாயின், அடாபலீன் க்ரீமோ எடுத்துக்கொள்பவர்களின் தோல் லேசில் உரியும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சின்னக் கீறல்கூட நேரமெடுத்து நிற்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும் வாய்ப்பும் அதிகம். தழும்பு தடித்து வளரும் கெலாய்டு வாகுள்ளவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. இவர்களெல்லாம் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. தோலைத் தொடாமல் அரை மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும் டிரிம்மர் பல பேருக்குப் போதுமானது.

ஒரு பிளேடு, ஒரே முகம்

அப்பாவும் மகனும் ஒரே ரேசர், ஹாஸ்டல் அறையில் நாலு பேருக்கு ஒரே ரேசர். வேண்டவே வேண்டாம்! ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி போதும். பிளேடை மட்டும் மாற்றினால் போதாது; ரேசரின் தகடுகளுக்கு நடுவிலும் ரத்தம் ஒட்டியிருக்கும்.

சலூனிலும் இதே கதைதான். பல சலூன்களில் இதே டபுள் எட்ஜ் பிளேடை இரண்டாக ஒடித்துச் சவரக்கத்தியில் செருகுகிறார்கள். புது பிளேடை உங்கள் கண்முன்னே உறை பிரித்து மாட்டச் சொல்லுங்கள். 'அண்ணே, பிளேடை மாத்திடுங்க' என்று கேட்பதில் கூச்சம் எதற்கு? கோயிலில் குழந்தைக்கு மொட்டை போடும்போது கூட்டமும் அவசரமும் இருக்கும். அங்கேயும் கேளுங்கள். எல்லோர் கன்னத்திலும் தடவும் பொதுப் படிகாரக் கல்லும் வேண்டாம்.

பழைய பிளேடு எங்கே போகிறது?

அமெரிக்காவில் சென்ற நூற்றாண்டின் நடுவில் கட்டிய பல வீடுகளில், குளியலறை அலமாரியின் பின்பக்கம் ஒரு சிறு துவாரம் இருக்கும். பழைய பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் விழும். இன்று அந்த வீடுகளைப் பழுதுபார்க்கச் சுவரை உடைப்பவர்கள் காலடியில் துருப்பிடித்த பிளேடுகள் கொட்டுகின்றன. நாம் அதைவிட மோசம். குப்பைக் கவரில் சும்மா போட்டுவிடுகிறோம். காலையில் அந்தக் கவரை வெறுங்கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். உங்கள் முகத்தைக் கீறிய அதே பிளேடு, உங்கள் ரத்தத்தோடு, அவர் கையைக் கீறும்.

மூடி இறுகிய ஒரு தகர டப்பாவில் மேலே பிளேடு நுழையும் அளவு கீறல் போடுங்கள். பழைய பிளேடையெல்லாம் அதில் சேருங்கள். நிறைய நாள் பிடிக்கும். நிறைந்ததும் கீறலை டேப் போட்டு அடைத்து, 'பிளேடு' என்று தடித்த எழுத்தில் எழுதி, தனியாக, சொல்லிக் கொடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ரேசரும் புது பிளேடு பாக்கெட்டும் வாஷ்பேசின் மேல் இருக்கவே கூடாது. விமானத்தில் போகிறவர்கள் பிளேடைக் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

எப்போது மருத்துவர்?

ஷேவ் செய்த சிவப்பு ஓரிரு நாளில் அடங்க வேண்டும். அடங்காமல் சீழ் வைத்தால், வட்டமாகப் படர்ந்தால், காய்ச்சல் வந்தால், கட்டி வலியோடு பெரிதானால், முதலில் ஷேவிங்கை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். மூக்கையும் மேலுதட்டையும் சுற்றி வரும் சீழ்க்கட்டியைப் பிதுக்கவே கூடாது; அப்பகுதி ரத்த நாளங்கள் மண்டைக்குள் இருக்கும் நாளங்களோடு தொடர்புள்ளவை. துருப்பிடித்த பிளேடு ஆழமாகக் கிழித்தால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்று யோசித்துப் பாருங்கள்; நினைவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக, எப்போது தொடங்குவது? ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடும் காலையில் அல்ல. விடுமுறை நாளில், அவசரமில்லாமல். முதல் வாரம் கன்னத்துக்கு மட்டும் புது ரேசர், கழுத்துக்குப் பழையதே இருக்கட்டும். கன்னம் ஒத்துக்கொண்டால் கழுத்துக்கு இறங்குங்கள். கல்யாண மாப்பிள்ளைகளே, உங்களுக்குத் தனியாக ஒரு உஷார்: நண்பர்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த ரேசரை முகூர்த்தத்தன்று காலையில் சோதித்துப் பார்க்காதீர்கள். ஆல்பத்தில் அந்தப் பிளாஸ்திரி ஆயுசுக்கும் இருக்கும்!